அணித் தலைவர் பொறுப்பேற்பு குறித்து

நம் சாரணர் படையின் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடியேற்றம் முடிந்ததும், நான்கு அணிகளுக்கும் புதிய தலைவர்களும் துணைத் தலைவர்களும் பொறுப்பேற்கிறார்கள்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதிலிருந்த ஒரு சிறுவனின் பொறுப்பிலேயே அவர் விட்டார். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியைத் தலைவரே நடத்துவதும், தலைவர்கள் ஒன்றுகூடிப் படையின் காரியங்களை முடிவு செய்வதும், சாரண ஆசிரியர் அருகிருந்து ஆலோசனை சொல்வதுமே இன்றும் நம் முறை. தலைவருக்குச் சட்டையில் இரண்டு பட்டைகள் கிடைப்பதை மட்டும் பெருமையாக எண்ணிவிட வேண்டாம்.

சென்ற முகாமில் இரவு மழை பிடித்துக்கொண்டபோது, ஓர் அணித் தலைவர் தம் கூடாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, இளையவர்களின் கூடாரத்தில் தளர்ந்திருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். நாங்கள் தேடுவது இந்தப் பண்பைத்தான்.

பெற்றோர்களிடம் ஓர் அன்பான வேண்டுகோள்: வருகைப் பதிவு, சமையல் பட்டியல், உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்வது ஆகியவற்றைப் பிள்ளைகளே செய்யட்டும், தாமதமானாலும், ஓரிரு முறை தவறினாலும், நீங்கள் முன்வந்து முடித்துக் கொடுக்க வேண்டாம். இப்போது விலகும் தலைவர்கள் அணிக்கொடியையும் பதிவேட்டையும் தவறாமல் எடுத்து வரவும்.

– சாரண ஆசிரியர்