டி ஆன்ஸாவில் படித்த தம்பிக்கு

தம்பி,

நாளைக்கு அப்பாவுக்கு வருஷத் திதி. நீ வரவில்லை என்று அம்மா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தென்காசி வீட்டுக் கூடத்தில், அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்பாவோடு நீ நிற்பது. இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்காக மட்டும்: தம்பி ஸ்டான்ஃபோர்டில் படிக்கவில்லை. அமெரிக்காவில் கூப்பர்டினோ என்ற ஊரில் இருக்கும் டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் வாங்கினான். அங்கே நிறையப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் 'கம்யூனிட்டி காலேஜ்' என்றால் அப்பா காதில் சமுதாயக் கல்லூரி என்றுதான் விழுந்திருக்கும். தையலும் ஏசி மெக்கானிக்கும் சொல்லித்தரும் இடம். அதனால் 'ஸ்டான்ஃபோர்டுக்குப் பக்கத்தில்' என்றேன். 20 கிலோமீட்டர் பக்கம்தானே? ஊரில் சொல்லும்போது 'பக்கத்தில்' என்பதை அவர் விட்டுவிட்டார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

2014 செப்டம்பரில் அவர் அமெரிக்கா வந்திருந்தபோது ஆப்பிள்காரன் புது ஐபோனையும் வாட்சையும் காட்டினான். உன் காலேஜ் வளாகத்தில் இருந்த ஃபிளின்ட் சென்டரில்தான். 1984இல் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக் கம்ப்யூட்டரை எடுத்துக் காட்டிய அதே அரங்கம். அப்பா டிவி முன்னால் இருந்தார். நீ "அப்பா, இது எங்க..." என்று ஆரம்பித்தாய். நான் உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். எதற்கென்று கூப்பிட்டேன், கறிவேப்பிலை கேட்டேனா? உனக்குப் பெருமையாகச் சொல்லக் கிடைத்த ஒரே விஷயம் அது.

அந்த வாரக் கடைசியில்தான் 280ஆம் நெடுஞ்சாலையில் அவரை ஸ்டான்ஃபோர்டுக்கு ஏற்றிக்கொண்டு போனோம். ஃபுட்ஹில் காலேஜுக்குத் திரும்பும் இடம் வந்தது. உன் காலேஜுக்கு அக்கா மாதிரி, ஒரே நிர்வாகம், இது மலைமேல், அது ரோட்டோரம். இங்கேயே திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். திரும்பவில்லை.

ஸ்டான்ஃபோர்டிலும் சிவப்பு ஓடு, வரிசையாக வளைவுகள். டி ஆன்ஸாவிலும் அதே சாயல்தான். அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஸ்டான்ஃபோர்டு வளாகத்துச் சர்ச் முகப்பில் வெயில் பட்டு அந்தக் கண்ணாடிச் சில்லு ஓவியம் மின்னியது. அப்பா செருப்பைக் கழற்றினார். "கோயில் மாதிரி இருக்குடா" என்று உன் தோளில் கை போட்டார். நான் படம் எடுத்தேன். திரும்பும் வழியில், "தினமும் இவ்ளோ தூரம் 23ஆம் நம்பர் பஸ்லயா வர்றே?" என்று கேட்டார். அந்த பஸ் இந்தத் திசைக்கே வராது. நீ "ஆமாம்ப்பா" என்றாய்.

அந்த 'ஆமாம்ப்பா'வைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. உனக்கும் வாய் இருந்ததே! வெளிநாட்டு மாணவனுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு ஃபீஸ். அதை யார் கட்டினார்கள், அதற்காக வீட்டில் என்னென்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நீ மட்டும் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டாய்.

இல்லை, இதை எழுத உட்காரவில்லை நான். உனக்கு அப்போது இருபது வயது. நான்தான் பெரியவள். பதினாறாம் நாள் சித்தப்பா எல்லோர் முன்னாலும் "ஸ்டான்ஃபோர்டு மாப்பிள்ளை" என்று உன்னைக் கிண்டலாகக் கூப்பிட்டபோது நீ பந்தியிலிருந்து எழுந்து போனாயே, அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள் தம்பி.

படத்தைக் கழற்றிவிட்டேன். அம்மா பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. ஆணி அப்படியே இருக்கிறது. டி ஆன்ஸாவில் எடுத்த படம் ஏதாவது உன்னிடம் இருந்தால் அனுப்பு. ஃபிளின்ட் சென்டர் வாசலில் நீ நிற்பதாக ஒன்று இருந்தது. என் பழைய போனோடு போய்விட்டது.

அக்கா