தாத்தாவின் ஜப்பான் விமானம்

அன்புள்ள தாயி,

போனில் நீ கேட்டாயே, பரணில் கிடக்கும் அந்த விமான விசிறி இறக்கை எங்கிருந்து வந்தது என்று. கீழே இறக்கிப் பார்த்தேன். அப்புறம் ரெண்டு நாளாகப் பட்டறையில் வேறு வேலை ஓடவில்லை.

சண்டைக் காலத்தில் கயத்தாறில் விமானத்தளம் இருந்தது. அந்தப் பக்கம் விழுந்த ஜப்பான் விமானத்தில் எடுத்தது என்பார் தாத்தா. எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. சுற்றுகிற வேகத்தில் தரையில் மோதின மர இறக்கை சிதறிப்போகும். இது அஞ்சடியும் நுனி முறியாமல் இருக்கிறது. ஏலத்தில் வந்த சாமானாக இருக்கும்.

அடிப்பக்கம் 'டி.ஆர்.ஜி.' என்று இங்கிலீஷில் குத்தியிருக்கிறது. ட்ராயிங், அதாவது வரைபடம் என்பதன் சுருக்கம். அதற்கடுத்த எண்ணைத்தான் காணோம். உன் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, உரிந்து தொங்கிய கறுப்புத் தோலைச் சுரண்டி, இழைப்புளி போட்டு வார்னிஷ் அடித்தது நான்தானே. நாற்பது வருஷம் மரவேலை பார்த்த கை செய்கிற காரியமா அது!

டைகர் மோத் மாதிரிப் பயிற்சி விமானமும் இல்லை. அதற்கு விசிறியின் ரெண்டு இறக்கையும் சேர்த்து ஒரே துண்டாகச் செதுக்கி, நடுவில் துளை போட்டிருப்பார்கள். இது தனி இறக்கை. அடியில் மரை வெட்டிய இரும்புக் குழல் மாட்டியிருக்கிறது. பறக்கும்போதே சாய்வை மாற்றுகிற வகை. அடிப்பக்க மரத்தில் ஒரு சிராய் எடுத்துத் தண்ணீரில் போட்டேன், முங்கிவிட்டது! மெல்லிய தகடுகளைப் பிசினில் தோய்த்து, அழுத்தி இறுக்கிய மரம். நுனிப்பக்கமோ இலேசாக இருக்கிறது. செல்போனில் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் விமான விசிறி செய்த ரோட்டால் கம்பெனி இறக்கை என்றே படுகிறது. ரோல்ஸ் ராய்ஸும் பிரிஸ்டலும் சேர்ந்து 1937-ல் தொடங்கியது. பெயரிலேயே உன் ஊர் பிரிஸ்டலின் வால் இருக்கிறது, பார்.

இன்னொன்று. தட்டை முகம் என்னைப் பார்க்க, அடிப்பக்கம் கீழே இருக்க நிறுத்தினால், பித்தளைத் தகடு வலது ஓரத்தில் வருகிறது. அந்த ஓரம்தான் காற்றை வெட்டும். அப்படியானால் விமானி பார்வையில் கடிகார முள் போகிற பக்கம் சுற்றியிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின் அப்படித்தான் சுற்றும்; பின்னால் வந்த கிரிஃபான் எஞ்சின் எதிர்ப்பக்கம். ஆக, மெர்லின் பூட்டிய ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் மாதிரி இங்கிலீஷ்காரர் சண்டை விமானமாக இருக்கலாம்.

குழலுக்குப் பக்கத்தில் இன்னும் ரெண்டு எழுத்து மங்கலாகத் தெரிகிறது. மாவு தடவிப் படம் எடுத்து அனுப்புகிறேன். குளோஸ்டர் பக்கம் ஜெட் ஏஜ் மியூசியம் இருக்கிறதாமே, லீவு கிடைத்தால் போய்க் காட்டு. நீ சொல்கிற வரை பரணில் ஏற்றுவதாக இல்லை. நடையில் சாய்த்து வைத்திருக்கிறேன். உன் அம்மா போகும்போதும் வரும்போதும் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள்.

அன்புடன்,
அப்பா