தம்பிக்கு: எமுலேட்டரை விட்டுவிட்டு மல்டிமீட்டரை எடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்துகொண்டிருக்கும் ஆர்கேட் கேம் கேபினெட்டின் திரைக் கோளாறைக் காட்டி அனுப்பிய நாலு வீடியோவையும் பார்த்தேன். எல்லாம் ஒரே கோளாறு என்று நினைத்து, பழைய கேம்களை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறாய். அவை நாலும் வேறு வேறு. இரண்டு கரண்டும் கம்பியும் சம்பந்தப்பட்டவை, மீதி இரண்டுதான் செட்டிங். எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கேபினெட்டுக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை ஆன் செய்ததும் ஒரு வானவில் நிறச் சதுரம் வரும், அப்புறம் எழுத்துகள் ஓடும், அப்புறம் மெனு, கடைசியில்தான் கேம். வானவில்லிலேயே புள்ளியோ கோடோ தெரிந்தால் எமுலேட்டர் மேல் பழி இல்லை, அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கேமுக்குள் மட்டும் வந்தால் செட்டிங்கைப் பார்.

முதல் வீடியோவில் திரை ஒரு விநாடி கறுத்துத் திரும்புகிறது. சத்தம் ஓங்கும் நேரத்தில்தான் கறுக்கிறது, கவனித்தாயா? ஆம்ப்ளிஃபையர் போர்டுக்கும் பைக்கும் ஒரே 5 வோல்ட் கம்பியில் இருந்து கொடுத்திருக்கிறாய். அந்தச் சின்ன 3 வாட் ஸ்டீரியோ போர்டு பெரிய சத்தத்தில் ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பை 4, ஜாய்ஸ்டிக் அசைவைப் பைக்குச் சொல்லும் என்கோடர் போர்டு எல்லாம் சேர்ந்தால் மொத்தம் இரண்டரை ஆம்பியர் வரும். போக வர உள்ள மெல்லிய கம்பியில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 5.1-இல் கிளம்பியது 4.6-ஆகப் போய்ச் சேரும். 4.63-க்குக் கீழே போனால் பை திரையின் மூலையில் மின்னல் குறி காட்டும். அந்தக் குறியை மறைக்க ஒரு செட்டிங் உண்டு என்று யாராவது சொன்னால் கேட்காதே. உண்மையைச் சொல்கிற ஒரே சாட்சி அதுதான்.

வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பத்து நிமிஷம் ஆடிப் பார். கறுப்பது நின்றுபோனால் கரண்டுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். பிறகு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பையின் 40 பின் வரிசையில் 4-ஆம் பின்னிலும் 6-ஆம் பின்னிலும் தொடு. கேம் ஓடும்போதே, சத்தத்தோடு அளக்க வேண்டும். 5 வோல்ட் கொடுக்கும் போர்டின் முனையில் அளந்து 5.1 இருக்கிறது என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவாய். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டே போய்விடும், அதனால் கருப்பு முனையில் ஒரு கிளிப் மாட்டி கிரவுண்டில் நிலையாக வைத்துக்கொள்.

தீர்வு எளிது. 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் இருந்து 5 வோல்ட் இறக்க நீ போட்டிருக்கும் எல்எம் 2596 போர்டில் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இல்லாமல் 2-க்கு மேல் நம்பாதே. அதற்குப் பதில் எக்ஸ்எல் 4015 இறக்கி போர்டு ஒன்று வாங்கி, பையை இணைக்கும் முன் 5.1-க்குத் திருகி வை. எக்காரணம் கொண்டும் 5.25-ஐத் தாண்டக்கூடாது. பைக்கு 0.75 சதுர மி.மீ. கம்பி, அரை மீட்டருக்குள். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி இறக்கி, அதன் வாசலிலேயே 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர், துருவம் பார்த்து.

இரண்டாவது, திரை முழுக்க நிறப் புள்ளிகள் பொரிவது. பட்டனை ஓங்கி அடிக்கும்போது கூடுகிறதே, அப்படியானால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பை 4-இன் மைக்ரோ எச்டிஎம்ஐ துளை ரொம்பச் சின்னது, கேபிளின் எடையே அதை இழுத்துச் சாய்க்கும். யூஎஸ்பி-சி பவர் துளைக்குப் பக்கத்தில் உள்ளதையே பயன்படுத்து. துளையில் இருந்து நாலு விரல் தள்ளி ஒரு கிளாம்ப் போட்டு கேபிளை பிளைவுட்டோடு இறுக்கு. அதற்குப் பிறகும் புள்ளி இருந்தால் பேனல் போர்டில் இருந்து திரைப் பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் எல்விடிஎஸ் கேபிளைப் பார். அங்கே தளர்ந்தால் செங்குத்துக் கோடு வரும், முகங்களில் நிறம் திட்டுத் திட்டாக உடையும். மும்பை மழைக்காலத்தில் அந்த முனைகள் சீக்கிரம் கறுக்கும். எல்லாவற்றையும் ஆஃப் செய்து பிளக்கை உருவிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பிறகு நேராகச் செருகு.

கேபிள் மாற்றுவதென்றால் லாமிங்டன் ரோட்டில் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் காட்டி வாங்கு. கண்ணால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் 30 பின், 40 பின், 6 பிட், 8 பிட் என்று மாறும். தப்பான மேப்பிங், அதாவது எந்தக் கம்பியில் எந்த நிறம் என்ற வரிசை மாறியது, போட்டால் படம் வரும், நிறம் மட்டும் நெகட்டிவ் மாதிரி இருக்கும். அது பரவாயில்லை, திரும்பக் கொடுத்து மாற்றலாம். பேனல் போர்டில் 3.3, 5, 12 என்று வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஜம்பர் இருக்கிறது பார், அதில்தான் கவனம் வேண்டும். லேப்டாப் பேனலுக்கு 3.3. தவறி 12-இல் வைத்து ஆன் செய்தால் பேனல் அத்தோடு சரி.

மூன்றாவது, நடுவில் படம் கிழிந்து மேல் பாதியும் கீழ்ப் பாதியும் விலகுவது. எமுலேட்டர்களை நடத்தும் ரெட்ரோஆர்ச்சில் வீடியோ பகுதிக்குள், படம் மாறுவதைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க்கை ஆன் செய், த்ரெடெட் வீடியோவை ஆஃப் செய். கிழிசல் போய்விடும். ஆனால் மார்ட்டல் காம்பாட் கேம் அதற்குப் பிறகும் திக்கும். அந்த மெஷின் விநாடிக்கு 54.7 படம் காட்டியது, உன் பேனல் 60 காட்டுகிறது. மிச்சம் ஐந்து இடத்தில் ஒரே படம் இரண்டு முறை வருகிறது. ஆர்-டைப் கேமும் 55-தான். இதற்கு எளிய மருந்து இல்லை, விட்டுவிடு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு 59.6, பேக்-மேனுக்கு 60.6. இவற்றை ரெட்ரோஆர்ச் தானே 60-க்கு இழுத்துக்கொள்ளும், உன் காதுக்கும் கண்ணுக்கும் தெரியாது.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அங்கே எதுவுமே கெடவில்லை. படம் மேலும் கீழும் நகரும்போது சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் மினுக்குகின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் படம் 224 வரி, உன் பேனல் 768. வகுத்தால் 3.43. பாதிக்குச் சற்று மேலான வரிகளுக்கு மூன்று புள்ளியும் மீதிக்கு நாலு புள்ளியும் கிடைக்கின்றன, அதுதான் கோலத்தில் ஒரு இழை தடித்து ஒரு இழை மெலிந்த மாதிரி. முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டீஜர் ஸ்கேலை ஆன் செய்தால் சரியாக மூன்று மடங்கு, 672 வரி. மேலே 48, கீழே 48 கறுப்பாக நிற்கும். அது பொறுக்கவில்லை என்றால் ஷார்ப் பைலீனியர் என்ற ஷேடரை, அதாவது படத்தை மெருகேற்றும் சின்ன நிரலைப் போடு. முழுத் திரையும் கிடைக்கும், மினுமினுப்பும் அடங்கும், விளிம்பு மட்டும் கொஞ்சம் மிருதுவாகும். நான் இதைத்தான் சொல்வேன். குறுக்கே 384 புள்ளியை 4:3 அகலத்துக்கு விரிக்கும்போது எப்படியும் பின்னம்தான் வருகிறது, இன்டீஜர் ஸ்கேல் உயரத்தை மட்டும்தான் காப்பாற்றும்.

இதெல்லாம் நிற்க, பை பேனலுக்கு 1366-க்கு 768 தான் அனுப்புகிறதா என்று ஒரு தடவை சரிபார். 1080 அனுப்பி பேனல் போர்டு அதைச் சுருக்கினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். பையில் ஓடும் ரெட்ரோபை 4.8 மென்பொருளில், கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ குரூப் 2, மோட் 81.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கரண்டு, கேபிள், பிறகு செட்டிங், இந்த வரிசையில். அடுத்த வீடியோ எடுக்கும்போது பக்கத்தில் நின்று கண்ணாலும் பார்த்துக்கொள். போன் கேமராவில் மட்டும் ஊர்ந்து போகும் கறுப்புப் பட்டை, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் துடிப்பதால் வருவது, அதற்காகக் கேபினெட்டைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா
அல்சூர், பெங்களூரு