அசையாமல் கிடந்த உடல்

அன்புள்ள மகளுக்கு,

"நாங்கள் இப்போது தேடுவதை நாஸ்டிக்குகள் அன்றே கண்டுவிட்டார்கள், அப்பா" என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். உணர்வு எப்படி எழுகிறது என்று மூளையில் தேடுவதையே தொழிலாகக் கொண்ட நீ, கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் உள்ளறிவால் விடுதலை தேடிய அந்தக் குழுவினரைப் பற்றி இப்படி எழுதியதால், அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

1945 டிசம்பரில், மேல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே உரமண் தோண்டப்போன உழவர்கள் ஒரு மண்சாடியில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் 13 பாப்பிரஸ் நூல்கள், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காப்டிக் என்னும் பழைய எகிப்திய மொழிப் படிகள்; நாஸ்டிக்குகளின் எழுத்துகள் பல அவற்றில் உள்ளன. அதற்கு முன்பு நாஸ்டிக்குகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி, லியோன் நகர ஆயர் இரேனியஸ் போன்ற எதிர்ப்பாளர்கள் எழுதி வைத்ததுதான். எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நூல்களுள் 'யோவானின் இரகசிய நூல்' என்பதன் நீண்ட வடிவத்தில் உனக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. யால்டபவோத் என்னும் அறியாமை மிக்க படைப்போனின் ஏவலர்கள் 365 பேர் முதல் மனிதனின் உடலை உறுப்பு உறுப்பாகச் செய்கிறார்கள். தலைக்கு ஒருவர், வலக்கண்ணுக்கு ஒருவர் என்று பெயர்ப் பட்டியல் நீள்கிறது. மூளையைச் செய்தவருக்கு மெனிக்கெஸ்ட்ரோயெத் என்று பெயர். எல்லாம் முடிந்த பிறகும் உடல் நெடுநேரம் அசையாமல் கிடக்கிறது. யால்டபவோத் ஏமாற்றப்பட்டு, தன் தாய் சோபியாவிடமிருந்து பெற்றிருந்த ஆற்றலை அதன் முகத்தில் ஊதிய பிறகுதான் அது எழுகிறது.

உறுப்புகளின் கணக்கு முழுமையாகியும் எதுவோ குறைகிறது என்ற இந்தக் காட்சியைத்தான், 1995இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் எழுதிய 'கடினமான சிக்கலோடு' நீ சேர்த்துப் பார்த்திருப்பாய். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கதையில் குறைவது அசைவு. சால்மர்ஸின் கேள்வியில் உடல் நன்றாகவே நடக்கிறது, பேசுகிறது, வலித்தால் கையை இழுத்துக்கொள்கிறது. இவற்றோடு வலி என்ற உணர்வும் உள்ளே ஏன் இருக்க வேண்டும் என்பதே அவருடைய வியப்பு. (இதைப் படித்தால் உன் பெரியப்பா உடனே, உயிரின் அறிவை மறைப்பதாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலத்தைக் கொண்டுவந்து பொருத்துவார். அவருக்கும் இதே பதில்தான்.)

இன்னொன்றும் உண்டு. உணர்வோடு சேர்ந்து மூளையில் நிகழும் நரம்புச் செயல்பாடு எது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் நரம்பியல் அறிஞர் கிறிஸ்டாஃப் கோக் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டி, 2023இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப் புட்டிகளைக் கொடுத்தார். யால்டபவோத் கதை எந்தப் பந்தயத்திலும் தோற்க முடியாது. அதனால்தான் அதைக் 'கண்டுபிடிப்பு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உன் வரி முழுவதையும் நான் தள்ளவில்லை. அவர்கள் 'ஞோசிஸ்' என்றது, பிறர் சொல்லித் தெரிந்துகொள்வதை அன்று, தன்னைத் தானே உள்ளிருந்து அறிவதை. நீங்களும் ஸ்கேனரில் படுத்திருப்பவரிடம் "படம் தெரிந்ததா?" என்று கேட்டு, அவர் பொத்தானை அழுத்துவதை நம்பித்தானே கணக்கைத் தொடங்குகிறீர்கள்? எதையும் கேட்காமல் கண்ணசைவை மட்டும் வைத்துக் கணிக்கும் சோதனைகளும் நடக்கின்றன என்று படித்தேன். அந்தக் கண்ணசைவுக்கு 'தெரிந்தது' என்று பொருள் என்பதை முதலில் யார் சொன்னார்கள்? உங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை எப்படித் தீர்க்கிறீர்கள் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா