அடிவாரக் குத்தகை விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஏற்காடு அடிவாரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் குத்தகைக்காரர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பேரை நான் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். ஆடிக் கூட்டத்துக்கு மட்டும் ஆள் சேரவில்லை, எல்லோரும் விதைப்பில் இருந்தோம். மற்றக் கூட்டங்களில் நாம் பேசியது பெரும்பாலும் மானைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வேடிக்கை. நம் உறுப்பினர் ஒருவர் "என் காட்டில் புள்ளிமான் புகுந்து மேய்கிறது" என்று மனு எழுதிக் கொடுத்தார். வாங்கிய அலுவலர் வெளியூர்க்காரர். "காட்டில் மேயாமல் மான் வேறு எங்கே மேயும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மேட்டாங்காடு, கடலைக்காடு, குச்சிக்காடு என்று உழுகிற நிலத்தைத்தான் நாம் காடு என்போம், மரம் நிற்பதைக் கரடு என்போம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்று முதல் சங்கத்து மனுக்களில் "சாகுபடி நிலம்" என்று எழுதுகிறோம். அந்த மனு இரண்டாம் தடவையும் திரும்பியது. அப்போது சொன்ன காரணத்துக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பட்டா நகல் இல்லையாம்.

என் கதையும் அதுதான். இரண்டு ஏக்கர் கடலை. பூ விட்டு விழுது இறங்குகிற நேரத்தில், நான்கு ராத்திரியில் கொழுந்தெல்லாம் போயிற்று. பழைய சேலையைச் சுற்றிக் கட்டினேன், தகரம் தட்டினேன், பரண் போட்டுப் படுத்தேன். முதல் வாரம் தகரச் சத்தத்துக்கு ஓடிய மான், அடுத்த வாரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தது. இழப்பீடு கேட்கப் போனேன். சிட்டா யார் பேரில், பட்டா யார் பேரில், பேங்க் புத்தகம் யாருடையது என்று கேட்டார்கள். முதல் இரண்டும் நிலத்துக்காரர் பேரில், மூன்றாவது மட்டும் என் பேரில் இருந்தது. நிலத்துக்காரர் சேலம் டவுனில் இருக்கிறார், தங்கமான மனுசன். "எதுக்குங்க வம்பு? அடுத்த வருசக் குத்தகையில கொஞ்சம் கழிச்சுக்கலாம்" என்றார். கழித்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். விதை, கூலி, நான்கு மாதத் தூக்கம் எல்லாம் அந்தக் கழிவுக்குள் அடங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று இந்த ஆண்டுதான் உட்கார்ந்து படித்தோம். சட்டம் படிக்கும் நம் உறுப்பினர் மகள் ஒருத்தி மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துச் சொன்னாள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும் அதில் அடக்கம். ஆனால் 11-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில், சேராத விலங்கு சொத்துக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கருதினால், காரணம் எழுதி அதைக் கொல்ல அனுமதிக்கலாம். சொத்து என்பதில் "எந்த நிலத்திலும் நிற்கும் பயிர்" சேரும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எந்த நிலத்திலும்! பட்டாதாரர் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. பட்டா கேட்கிற பழக்கம் மேசைக்கு வந்த பிறகு சேர்ந்துகொண்டது. (மலைமேல் காபிக்காரர்களின் பாடு இன்னும் மோசம். காட்டெருமை முதல் அட்டவணை விலங்கு. அது மனித உயிருக்கு ஆபத்தானால்தான் பேச்சு, பயிர் கணக்கிலேயே வராது.)

அதே பெண் ஸ்காட்லாந்துச் சங்கதி ஒன்றும் சொன்னாள். அங்கே 1996-இல் வந்த மான் சட்டத்தின் 26-வது பிரிவு, பயிர் வைத்திருப்பவருக்கே உரிமை தருகிறது. பயிருக்குப் பெரிய சேதம் வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நிலத்துக்காரரோடு என்ன ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், அவர் மானைச் சுடலாம். அதற்கும் முன்னால், 1880-லேயே பிரிட்டனில் முயலுக்கு இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது. குத்தகைக்காரர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாதாம். உடனே பின்வரிசையிலிருந்து "அப்ப நமக்கும் துப்பாக்கி கேட்கலாமுங்களா?" என்று ஒருவர் எழுந்தார். வேண்டாங்க. நம் ஊரில் துப்பாக்கி வந்தால் மானுக்கு முன்னால் வரப்புத் தகராறுதான் தீரும். எனக்குப் பிடித்தது "என்ன எழுதியிருந்தாலும்" என்கிற அந்த ஒரு சொல். நம்மிடம் எழுதியதே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி அரசு அறிவித்ததும் பலர் சந்தோசப்பட்டீர்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவார்கள், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. நம்மில் பாதிப்பேரின் வரப்பே ஃபாரஸ்ட் எல்லைக்கல்தான். மானுக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை.

கோபத்தில் யாரும் கரண்ட் கம்பியில் கை வைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே, திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. நிலத்துக்காரர் கைதானார். சூரிய மின்வேலி போடுவதாக இருந்தாலும் 2023 விதிகளைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

அரளிக்கு மாறியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நஞ்சு என்று மானுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறிக்க ஆள் வேண்டும், விலையோ முகூர்த்தத்தைப் பார்த்து ஏறி இறங்கும். எல்லோரும் அரளி போட்டால் சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்குக் குச்சிக்கிழங்கு யார் கொடுப்பது?

பங்குனியில் ஒரு மான், நாய் துரத்தியதில் கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுந்தது. தீயணைப்பு வண்டி வரும்வரை கயிறு கட்டி அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தவர், அதே வாரம் அவரைக்கொடி முழுவதையும் மானுக்குக் கொடுத்திருந்த நம் துணைத்தலைவர். "மான் என்ன பண்ணும், மேல தொட்டியில தண்ணியில்ல" என்றார். கோடையில் கரட்டிலுள்ள விலங்குகளுக்கான தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பக் கோரும் தீர்மானம் அன்று சாயங்காலமே எழுதியது.

இனி செய்யவேண்டியது. 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி நம் பேரைப் பதிவேட்டில் ஏற்றக் கேட்கலாம். கேட்டவர் எத்தனை பேர் என்றால், நானே கேட்கவில்லை. பேர் ஏறினால் நிலம் போய்விடும் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம். கேட்டால் அடுத்த போகம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நமக்குப் பயம். 1955 குத்தகை விவசாயிகள் பாதுகாப்புச் சட்டம் வந்து எழுபது ஆண்டாகியும் இந்த இரண்டு பயமும் அப்படியே இருக்கின்றன. அதனால் செயற்குழு இடைவழியாக ஒரு சம்மதக் கடிதம் எழுதியிருக்கிறது. பயிர் குத்தகைக்காரருடையது, விலங்குச் சேத இழப்பீடு அவருடைய கணக்குக்கே போகட்டும் என்று நிலத்துக்காரர் கையெழுத்திடுவது. கோர்ட்டில் இது எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியாது என்று வக்கீல் கையை விரித்தார். ஆனாலும் நான்கு நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என் நிலத்துக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடித நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மான் மேய்ந்த அன்றே தேதி தெரிய போட்டோ எடுத்து, விஏஓவிடம் அடங்கலில் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த அமாவாசைக்குள் என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்