மலையிறக்கத்தில் இன்ஜினை அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான மலைப்பாதை மோட்டார் சைக்கிள் பயணக் கட்டுரையை ஆசையோடுதான் படிக்கத் தொடங்கினேன். இரண்டு நண்பர்கள், இரண்டு வண்டிகள், கொண்டையூசி வளைவுகள், சாலையை மறைக்கும் மேகம். எனக்கும் அந்தப் பித்து உண்டு. ஆனால் கடைசிப் பத்தியில், 'இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வாருங்கள். பெட்ரோலும் மிச்சம், மலையின் அமைதியையும் கேட்கலாம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். இந்த வரியை மறுக்காமல் விட மனம் வரவில்லை.

இதே காரியத்தை என் நண்பர் செய்ததைப் பின்னால் வந்து பார்த்திருக்கிறேன். நீண்ட இறக்கம் அது. வளைவுக்கு முன்னால் அவருடைய வண்டியின் வேகம் குறைகிறது. பின்புறச் சிவப்பு விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் ஹாரன் சத்தமும் இல்லை. சாவியையே திருப்பிவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஹாரன் அடித்து அவரை ஓரங்கட்ட வைப்பதற்குள் மேலும் ஒரு வளைவு வந்துவிட்டது. அங்கே அவர் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி, சாலையின் எதிர்ப்பக்கம் வரை போய்த் திரும்பியது. நல்லவேளையாக எதிரே யாரும் வரவில்லை.

நிறுத்தியதும் கருகிய வாடை மூக்கில் ஏறியது. முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பஞ்சுபோல் அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது. பின்சக்கர பிரேக் டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. நண்பர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், தடுத்துவிட்டேன். அந்தச் சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் கோணலாம், டிரம் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிரேக் மறுபடி கெட்டிப்பட வெகுநேரம் ஆயிற்று.

காரணம் எளியதுதான். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், சாதாரணத் தண்ணீர் சுமார் 6 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் ஏற்றுக்கொள்ளும். கியரில் இருந்தால் இன்ஜினும் நல்ல பங்கைத் தாங்கும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டால் மீதி அத்தனையும் கையளவு பிரேக் பாகங்களின் தலையில் விழும். டிஸ்க் பிரேக்கில் உள்ள பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பிரேக்கை அழுத்தினால் குமிழ் நசுங்குமே தவிர, பேட் எனும் உராய்வுக் கட்டை டிஸ்க்கைக் கவ்வாது. டிரம் பிரேக்கிலோ, சூட்டில் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கும் மெருகேறி வழுக்கும். விடுமுறைக் காலம் முடிந்ததும் இப்படி மெருகேறிய ஷூக்களை நான் கழற்றிப் போடாத ஆண்டே இல்லை.

பெட்ரோல் மிச்சம் என்பதும் பெரும்பாலும் வெறும் நம்பிக்கைதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் பலவும், கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டால் பெட்ரோல் செலுத்துவதையே நிறுத்திவிடும். அப்போது இன்ஜினைச் சுழற்றுவது சக்கரம்தான். கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் செலவாகும், உண்மை. அந்தக் கொஞ்சத்துக்காக உயிரை வைத்துப் பார்க்கலாமா? சாவியைத் திருப்பி அணைத்தால், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்பதைக் கட்டுரையாளர் யோசிக்கவே இல்லை.

அமைதி வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு, இருபுறமும் பார்வை எட்டும் இடமாகப் பார்த்து, சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். சூடான இன்ஜின் 'டிக் டிக்' என்று ஆறும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மலையின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழும். நண்பரும் நானும் பேசாமல் கழித்த அந்த நேரங்களுக்காகவே மறுபடி மறுபடி மலையேறுகிறோம்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைச்சாலையில் பழகியவர்கள் சொல்வார்கள். அது போதும். செங்குத்தான இடத்தில் இன்னும் ஒரு கியர் குறைக்கலாம். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைத் தணித்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வேகம் மிகவும் குறைந்தால் அதன் கிளட்ச் தானே விலகி, இன்ஜினின் பிடி போய்விடும். ஆக்சிலரேட்டரை இலேசாகத் திருகி விட்டால் பிடி திரும்பும். அவர்கள் அடிக்கடி நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவதும் அவசியம். இரண்டு வண்டிகளில் போகிறவர்கள், நிதானமாக ஓட்டுபவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் தன் திறமைக்கு மீறி அவரைத் துரத்த நேரிடும்.

சமதளத்தில் ஓட்டிப் பழகி, முதல்முறையாக மலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். ஆகவே திருத்தத்தை மூலையில் ஒரு வரியாகப் போடாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிட வேண்டுகிறேன். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே அது வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர்