யார்மத் என்ற பெயரில் ஐந்து கப்பல்கள்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, வாசிக்கவும் அனுமதித்துவிட்டார்கள் என்று அறிந்து நிம்மதி. பேரன் சென்னையில் வேலையில் சேர்ந்ததற்கும் வாழ்த்துச் சொல்.

1758-இல் நம் கடற்கரைக்கு எதிரே சண்டையிட்ட யார்மத், 1914-இல் எம்டனைத் தேடிய யார்மத், 1982-இல் ஃபாக்லாந்துப் போரில் இருந்த யார்மத், மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தாய். கப்பல்கள் வேறு, பெயர் மட்டும் ஒன்று. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் உள்ள கிரேட் யார்மத் என்ற துறைமுக ஊரின் பெயர் அது. முதல் கப்பல் 1653-இல் அந்த ஊரிலேயே கட்டப்பட்டது. அடுத்தது ஹார்விச்சில் 1695-இல், மூன்றாவது டெப்ட்ஃபோர்டில் 1745-இல், நான்காவது 1911-இல், ஐந்தாவது 1959-இல் நீரில் இறங்கின. சில பட்டியல்களில் ஆறு என்று இருக்கும். இரண்டாவது கப்பலைப் பிரித்து 1709-இல் மறுபடி கட்டினார்கள். அதைத் தனிக் கப்பலாக எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. ஆகவே எங்கு குறித்தாலும் பெயரோடு நீரில் இறங்கிய ஆண்டையும் சேர்த்து எழுது. "யார்மத், 64 பீரங்கி, 1745" என்றால் குழப்பமே வராது.

நமக்கு முக்கியமானது அந்த 1745 கப்பல்தான். வைஸ் அட்மிரல் ஜார்ஜ் போகாக்கின் தலைமைக் கப்பலாக அது சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுத் தளபதி தாஷேயோடு மூன்று முறை மோதியது: 1758 ஏப்ரல் 29, அதே ஆண்டு ஆகஸ்ட் 3, 1759 செப்டம்பர் 10. மூன்றிலும் பிரெஞ்சுக்காரர்களுக்கே ஆள் சேதம் அதிகம். ஆனாலும் ஒரு கப்பலைக்கூடச் சண்டையில் கைப்பற்ற முடியவில்லை. ஏன் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஆங்கிலேயர் எதிரியின் மரவுடலைக் குறிவைத்துச் சுட்டார்கள்; அதில் ஆள் சாவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாய்மரத்தையும் கயிறுகளையும் நோக்கி மேலே சுட்டார்கள். அதில் எதிரியால் துரத்த முடியாமல் போகும். சண்டை ஓய்ந்து தாஷே விலகும்போது போகாக்கின் கப்பல்கள் பாய் கிழிந்து, கயிறு அறுந்து, பின்தொடர வழியில்லாமல் நின்றன. முதல் சண்டையில் வேறொரு கோளாறும் சேர்ந்தது. வரிசையின் பின்பகுதிக் கப்பல்கள் நெருங்கி வராமல் பின்தங்கின. அவற்றின் கேப்டன்கள் மூவர் மதராஸில் ராணுவ விசாரணைக்கு உள்ளாகித் தண்டனை பெற்றார்கள். அந்தத் தாமதத்துக்கு விலையும் இருந்தது: தாஷே கொண்டுவந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி லாலியின் படை புதுச்சேரியில் இறங்கியது, ஜூன் 2 அன்று கடலூர் பக்கத்துப் புனித டேவிட் கோட்டை விழுந்தது.

இன்னொரு தடை இடம் சார்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் நம் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடமில்லை. திருகோணமலை அன்று டச்சுக்காரர் கையில். உடைந்த பாய்மரத்தைச் சரிசெய்யக் கப்பற்படை பம்பாய்க்குத்தான் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு சண்டையின் பலனும் சில மாதங்களுக்குள் கரைந்தது. 1759-க்குப் பிறகு தாஷே மொரீஷியஸ் பக்கம் போய்த் திரும்பவில்லை. புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்ததற்கு அதுவே முதல் காரணம் என்பது என் கருத்து.

பதிவேடுகளைத் தேடப் போகிறாய் என்பதால் இதைக் கவனி. லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேப்டன்களின் லாக் புத்தகங்கள், அதாவது கப்பலின் தினப் பதிவேடுகள், ADM 51 வரிசையில் உள்ளன; கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் இருந்த மாஸ்டர்களின் லாக் ADM 52. அக்காலத்தில் கப்பல் நாள் நண்பகலில் தொடங்கியது, அதுவும் நம் தேதிக்கு முந்தைய நண்பகலில். ஏப்ரல் 29 பிற்பகலில் நடந்த சண்டை லாக்கில் ஏப்ரல் 30 என்றே இருக்கும். தேதி ஒத்துவரவில்லை என்று நல்ல பக்கத்தைத் தள்ளிவிடாதே. 1752-க்கு முந்தைய தாள்களில் புத்தாண்டு மார்ச் 25 என்பதால், 1695 ஜனவரியை 1694 என்று எழுதியிருப்பார்கள்.

இதே கப்பல்தான் 1778 மார்ச் 7 அன்று பார்படோஸுக்குக் கிழக்கே 32 பீரங்கி அமெரிக்கக் கப்பல் ராண்டால்ஃபுடன் இரவில் மோதியது. ராண்டால்ஃபின் வெடிமருந்து அறை வெடித்தது. 315 பேரில் பிழைத்தவர்கள் நால்வர். ஐந்து நாள் கழித்து யார்மத்தே அவர்களைக் கடலிலிருந்து எடுத்தது.

1911 யார்மத் எட்டு 6 அங்குலப் பீரங்கிகள் கொண்ட லைட் குரூசர். எம்டனை நேருக்கு நேர் பிடித்தது ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிதான், 1914 நவம்பர் 9 அன்று. ஆனால் நிலக்கரியில் ஓடும் கப்பலைப் பட்டினி போடலாம். எம்டன் மதராஸைச் சுட்டது செப்டம்பர் 22. மூன்றே வாரத்தில், அக்டோபர் 12 அன்று, சுமத்ரா பக்கம் அதன் நிலக்கரிக் கப்பல் மார்க்கோமானியாவை யார்மத் மூழ்கடித்தது. எம்டன் பிடித்து வைத்திருந்த கிரேக்கக் கப்பல் போன்டோபோரோஸையும் மீட்டது. 1917 ஆகஸ்ட் 21 அன்று இதே கப்பலின் முன்பீரங்கி மேலிருந்த சிறு மேடையிலிருந்து எழுந்த சாப்வித் பப் விமானம் டென்மார்க் கரையருகே எல் 23 என்ற ஜெர்மன் செப்பலின் வான்கப்பலை வீழ்த்தியது. மேடை நிலையானது, விமானம் எழ வேண்டுமானால் கப்பலே வரிசையை விட்டு விலகிக் காற்றுக்கு எதிரே திரும்ப வேண்டும். திரும்பி இறங்க இடமும் இல்லை, விமானி கடலில்தான் இறங்கினார். சுழலும் பீரங்கிக் கூண்டின் மேல் மேடை வைத்தபோது முதல் தொல்லை தீர்ந்தது.

1959 யார்மத், எஃப் 101, நீர்மூழ்கி வேட்டைக்கான ஃபிரிகேட். கூரிய அணியம் (முன்முனை), மெல்லிய தகடு. ஐஸ்லாந்தோடு நடந்த மீன்பிடி எல்லைத் தகராறில், 1976 பிப்ரவரி 28 அன்று, அந்த நாட்டின் பால்டுருடன் மோதி அந்த அணியமே நொறுங்கியது. பால்டுர் பின்புறம் உறுதியான இழுவலைக் கப்பல். பிரிட்டிஷ் படகுகளின் வலைக்கம்பிகளை அறுத்துவிட வந்தது. இடையில் புகுந்து தடுக்க அதிவேகக் கப்பலைப் பயன்படுத்தியதில் உள்ள பிழை அது. 1982-இல் ஃபாக்லாந்தில் இதே கப்பல் ஆயிரத்துக்கு மேல் 4.5 அங்குலக் குண்டுகள் சுட்டது. எக்ஸோசெட் ஏவுகணை தாக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஷெஃபீல்ட் மே 10 அன்று மூழ்கியது. 1987-இல் யார்மத் பயிற்சி இலக்காக மூழ்கடிக்கப்பட்டது.

இனி தொடர்புக்கு வருகிறேன். ஒரு பெயர் புதுக் கப்பலுக்குப் போகும்போது முந்தைய கப்பல்களின் போர்க்கௌரவங்களும், அதாவது அவை பங்கெடுத்த சண்டைகளின் பெயர்களும், கூடப் போகும். 1954-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி அவற்றை ஒழுங்குபடுத்தியது. ஆக ஃபாக்லாந்துக்குப் போன யார்மத்துக்கு உரிய கௌரவங்களில் ஜட்லேண்ட் 1916-க்கு முன்னால் சதுரங்கப்பட்டினம் 1758, நாகப்பட்டினம் 1758, பரங்கிப்பேட்டை 1759 என மூன்று தமிழ் ஊர்கள் இருந்தன. தேடும்போது நினைவில் வை: நூல்கள் முதல் சண்டையைக் கடலூர் என்றும் மூன்றாவதைப் புதுச்சேரி என்றும் சொல்லும். இரண்டு பெயரிலும் தேடு.

லாக் பக்கத்தின் நகல் கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. யார்மத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, அன்றைக்குக் காற்று எந்தத் திசை என்ற குறிப்பே எனக்கு வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்